அத்தையின் ஈரத்தலையும் நூற்றைம்பது ஆம்பியர் பேட்டரியும்

பிள்ளைகளா, அத்தையின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் ஒரு படத்தில் வந்து நின்றுவிடுகிறீர்கள். அத்தை டேபிள் ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். முடி நாலு பக்கமும் பறக்கும். சுற்றிலும் ஒரே புகை. அவள் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருப்பாள். "வீடு தீப்பிடிச்சிட்டாப்பா?" என்று சின்னவள் கேட்டாள். தீயெல்லாம் இல்லை. உங்கள் அப்பா நான் போட்ட ஒரு கணக்கு தப்பாகிப்போனதால் வந்த புகை அது.

ஆனி மாதக் கல்யாணம். இலஞ்சி முருகன் கோயிலில் பத்தரைக்குத் தாலி கட்டு. சொந்தக்காரர்கள் தங்குவதற்குக் குற்றாலத்தில் ஒரு வீடு எடுத்திருந்தோம். சீசனில் குற்றாலத்தில் தங்கிவிட்டு, அருவிக்குப் போகாமல் கல்யாணத்துக்கு மட்டும் போகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. விடிந்ததும் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணும்தான்.

"ஏட்டி, தாலி கட்டுத அன்னைக்கு அருவிக்கா போற?" என்று பெரியம்மா கத்தினாள். கத்திக்கொண்டே தானும் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள்.

ஏழரை மணிக்கு ஐந்து ஈரத்தலைகள் திரும்பி வந்தன. அத்தைக்கு அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. வெளியே சாரல். சாரல் நாளில் ஒரு கைக்குட்டை காய எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஈரமுடியில் பின்னினால் சவுரியும் நிற்காது, பூவும் நிற்காது என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். பின்னல் அவள் பொறுப்பு. ஒன்பதரைக்குள் காய்ந்தாக வேண்டும். மதுரைச் சித்தி பையிலிருந்து ஹேர் ட்ரையரை எடுத்துச் சொருகினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கேயோ மரக்கொப்பு ஒடிந்து கம்பியில் விழுந்ததாம்.

எல்லோரும் "ஐயோ" என்றார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் முந்தின நாளே தென்காசியிலிருந்து நம் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டி வைத்திருந்தேன். "இது என்ன, தங்கச்சிக்கு சீர்வரிசையா?" என்று உங்கள் அம்மா கேலி செய்திருந்தாள்.

"நூத்தம்பது ஆம்பியர் ஹவர்!" என்று பேட்டரியின் தலையில் தட்டினேன். "ட்ரையரு இந்தப் பன்னெண்டு வோல்ட் பேட்டரியில எழுபத்தஞ்சு ஆம்பியர் இழுக்கும். நூத்தம்பதை எழுபத்தஞ்சால வகுத்தா ரெண்டு மணி நேரம். அஞ்சு தலை என்ன, அருவிக்கரையில நிக்க அத்தனை தலையையும் காய வைக்கலாம்!"

நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதில் கணக்கில் மட்டும் நல்ல மார்க்.

"சளி பிடிச்சிரும், பெரியவங்க முதல்ல" என்று அத்தை பெரிய மனசு பண்ணினாள். பெரியம்மாவின் கூந்தல் என் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். அதற்கே கால் மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, "அந்தக் காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் காட்டுட்டி, சொகமா இருக்கு" என்றாள். பிறகு சித்தி. பிறகு சித்தியின் மகள்கள் இருவர். வரிசையில் இல்லாத சித்தப்பாவும் நடுவில் வந்து மீசையைக் காட்டிவிட்டுப் போனார். ஐம்பதாவது நிமிடத்தில் அத்தையின் முறை வந்தது. ட்ரையர் அவள் நெற்றியைத் தொட்டதும் இன்வெர்ட்டர் 'பீப், பீப்' என்று அழுதது. நின்றேவிட்டது. மணி எட்டரை.

"ரெண்டு மணி நேரம்னீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் மறுபடி வகுத்துப் பார்த்தேன். "விடை சரியாத்தானே வருது!"

"விடை வருது. காத்து வரலையே!"

என் தங்கை மணவறையில் தலையில் துண்டோடு உட்காரப்போகிறாள், அதற்கு நான் காரணம். அப்போது அவள், அந்த டிப்ளமா எலக்ட்ரிக்கல் படித்த கல்யாணப் பெண், ஈரத்தலையோடு தரையில் குந்தி, செல்போன் வெளிச்சத்தில் பேட்டரியின் ஸ்டிக்கரை வாசித்தாள். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, நூத்தம்பதுக்குப் பக்கத்துல பொடி எழுத்துல C20ன்னு போட்டிருக்குல்லா, பாக்கலையா?"

"அது மாடல் நம்பர்னு நெனச்சேன்."

"மாடலும் இல்ல ஒண்ணும் இல்ல. இருவது மணி நேரமா, ஏழரை ஆம்பியர்னு மெதுவா எடுத்தாத்தான் நூத்தம்பது. ரெண்டு மணி நேரத்துல புடுங்கணும்னா பாதிதான் தரும்."

"மீதி எங்க போச்சு?"

"எங்கயும் போகல. மெயின் அருவியில போலீஸ் விசில் ஊதி வரிசையா விட்டா எல்லாரும் குளிக்காங்க. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல பாஞ்சா முன்னால நிக்கவன் மட்டுந்தான் நனைவான். தண்ணி அங்கனதான் கொட்டிக்கிட்டு இருக்கும், பின்னால நிக்கவனுக்கு எட்டாது. அது மாதிரிதான். இது சாகலண்ணே, மூச்சு வாங்குது. பத்து நிமிசம் விட்டுட்டு, ஃபேனைப் போடு. ஃபேனு அஞ்சு ஆம்பியர்தான் கேக்கும்."

பத்து நிமிடம் எல்லோரும் அந்தப் பேட்டரியை, மயங்கி விழுந்த ஆளைப் பார்ப்பது போலச் சுற்றி நின்று பார்த்தோம். பெரியம்மா விசிறியால் வீசிக்கூட விட்டாள். சுவிட்சைப் போட்டேன். டேபிள் ஃபேன் ஓடியது! ஐந்து பெண்களும் போட்ட கூச்சலில் தாலி கட்டியாகிவிட்டது என்றே பக்கத்து வீட்டார் நினைத்தார்களாம்.

வெறும் காற்று போதாது என்று உங்கள் அம்மா சமையல்காரரிடம் கங்கு வாங்கி, சாம்பிராணி போட்டு, ஃபேனுக்கு முன்னால் பிடித்தாள். மொத்தப் புகையும் சித்தப்பாவின் முகத்துக்குப் போனது. அவர் இருமிக்கொண்டே எடுத்ததுதான் அந்தப் படம். ஒன்பதே முக்காலுக்கு முடி காய்ந்தது. பின்னலில் பாதி வேனில்தான் நடந்தது. பத்தரைக்குத் தாலி ஏறியது. மணவறையில் மாப்பிள்ளையைவிடச் சாம்பிராணிதான் கமகமத்தது.

சாப்பாடெல்லாம் முடிந்து, மூன்று மணிக்கு இன்வெர்ட்டரைக் கழற்ற நான் மட்டும் சாரலில் நனைந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கரண்ட் இன்னும் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே ஏதோ சத்தம். காலையில் அவசரத்தில் யாரும் அணைக்கவில்லை. ஆள் இல்லாத அறையில் ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, உதிர்ந்த மல்லிகைகளைச் சுவரோரமாக ஒதுக்கியபடி.

அணைக்கக் கை நீட்டினேன், மனம் வரவில்லை. அத்தை உட்கார்ந்த அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபேனுக்கு முதுகைக் காட்டி, இருக்கிற நாலு முடியையும் விரித்துவிட்டேன்.