பெயர் வைக்கக் கூடாத நாய்

என் அத்தை ஜூராவுக்கு நாய் என்றால் ஆகாது. ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் எங்கள் தெரு நாய்கள் எதுவும் எங்கள் நீலக் கதவுக்கு முன்னால் நிற்பதில்லை. அவர் எந்த நேரமும் அடுப்புச் சாம்பலோடு வெளியே வருவார் என்று அவற்றுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் அக்டோபர் கடைசியில் ஒருநாள், மீன் விற்றுவிட்டு வந்தபோது, ஒரு கையில் காலிக் கூடையும் மறு கையில் கயிறுமாக வந்தார். கயிற்றின் மறுமுனையில் பழுப்பு நிறத்தில் ஒரு கொழுத்த நாய்.

"கரிக் கொட்டகைகிட்ட கட்டு," என்றார்.

"யாரோடது, அத்தை?"

"வால்யாவோடது. மக வந்து அவளை ரஷ்யாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. இனிமே நம்மளுது."

வால்யா பேருந்து நிற்கும் இடத்தில் அத்தைக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை விற்ற ரஷ்யக்காரி. அத்தை புகைபோட்ட மீன் விற்பார். மாமா இளவயதில் இறந்த பிறகு அந்த மீனை விற்றுத்தான் தன் மகனை, என் கணவர் தலாந்தை, வளர்த்தார். குளிரில் அத்தையும் வால்யாவும் ஒரே கம்பளியைக் காலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தலாந்த் சொல்லியிருக்கிறார். அந்த அளவு சிநேகம் இருந்தும் வால்யாவின் நாயை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

"பேரு என்ன?" என்று கேட்டேன்.

அத்தை கூடையைத் தட்டிக் கவிழ்த்தார். "பேரு எதுக்கு? நாயின்னு கூப்பிடு."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

செம்மறியின் வால்கொழுப்பை அத்தை பொடியாக நறுக்கி, ரொட்டியோடு சூடான சாற்றில் ஊறவைத்து, தன் கையாலேயே நாய்க்குக் கொண்டுபோனார். எங்கள் வீட்டில் இறைச்சி முதலில் தலாந்தின் தட்டுக்குப் போகும். அவர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு நோய் பிடித்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, அந்தக் கோடையில்தான் வீடு திரும்பியிருந்தார். நோய் அடங்கிவிட்டது, மாத்திரையை விடாமல் முடிக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட்டு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சாப்பிடவுமில்லை, நடக்கவுமில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்கு அடுத்து இப்போது நாய்க்கு இறைச்சி. மிச்சம் இருந்தால் எனக்கும் அத்தைக்கும்.

நாய் முதலில் எதையும் தொடவில்லை. கதவைப் பார்த்து உட்கார்ந்து ஊளையிட்டது. அத்தை குனிந்து அதன் விலாவில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். நாயைத் தொடாத அத்தை! பிறகு கையைச் சாம்பல் போட்டுக் கழுவினார். எங்கே போய்வந்தாலும் முதல் கேள்வி, "தின்னுச்சா?" என்பதுதான்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுத் துர்சுன்கான் அக்கா மாவு சலிக்கும் சல்லடையை இரவல் கேட்டு வந்தார். சல்லடையை வாங்கிக்கொண்டும் போகவில்லை. நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜூரா கெட்டிக்காரிதான்," என்றார் மெதுவாக. "பனி விழறதுக்குள்ள நல்லா கொழுப்பு ஏறிடும்."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறியே. நெஞ்சு நோய்க்கு வேற எதைக் குடுப்பாங்க? எங்க தம்பி பாலில கரைச்சுக் குடிச்சுத்தான் எழுந்து நடந்தான்."

எனக்குத் தெரியாமல் இல்லை. நெஞ்சு நோய்க்கு நாய்க்கொழுப்பைக் கொடுப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மார்க்கத்தில் நாய் விலக்கப்பட்டதுதான், ஆனால் மருந்து என்றால் மன்னிப்பு உண்டு என்று சொல்லிக்கொள்வார்கள். என் சித்தப்பா குடித்தார். அப்படியும் இறந்துபோனார். அந்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து அத்தை செய்த ஒவ்வொன்றும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பெரிய கண்ணாடி ஜாடியை வெந்நீரில் கழுவி வேலிக் குச்சியில் கவிழ்த்து வைத்தார். எதற்கு? நாயை வாசலைத் தாண்ட விடவில்லை. ஏன்? ஒருநாள் வேலி ஓரத்தில் நின்று துர்சுன்கானின் கணவர் ஷைலூவிடம் தணிந்த குரலில் பேசினார். எங்கள் தெருவில் ஆடு மாடு அறுப்பவர் ஷைலூ அண்ணன்தான். நான் துணி காயப்போடும் சாக்கில் பக்கத்தில் போனேன். பேச்சு நின்றுவிட்டது.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. நாயின் ஊளை பொறுக்காமல் தலாந்த் எழுந்து வெளியே வந்தார். "நீ ஏன்டா அழறே? உன்னையும் ஊருக்கு அனுப்பிட்டாங்களா?" என்று கரிக் கொட்டகைப் பலகையில் உட்கார்ந்தார். தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். அது முதன்முதலில் தின்றது. அவரும் தின்றார். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் அங்கேதான் போவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள் இருவரும். சுவர்ப் பக்கம் இருந்த அவர் தலையணையில் பள்ளம் மெல்ல மறைந்தது.

பெயர் வைக்கப் பார்த்தார். "ஆக்தோஷ்!" என்றார். "போய்னாக்!" என்றார். நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். "பேரு வைக்காதேன்னு சொன்னேன்ல!"

"ஏம்மா, பேரு வெச்சா உனக்கு என்ன வலிக்குது?"

"வைக்காதேன்னா வைக்காதே!"

அத்தை மகனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பெயர் வைத்துவிட்டால் அப்புறம் கத்தி வைக்க மனசு வராது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். தலாந்தும் அதையே நினைத்திருக்க வேண்டும். அன்று நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "உனக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வைத்தியம்டா," என்றார். சிரிப்பு இல்லை.

"அத்தை உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீ கேளேன்."

"நானா?"

"அப்ப யாரு, நாயா கேக்கும்?"

மருமகள் எப்படிக் கேட்பது? எங்கள் அத்தை மருமகள் முறையை எள்ளளவும் விடாதவர். கணவர் வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. நான் தலாந்தின் பெரியப்பாவை 'மேட்டு வீட்டு மாமா' என்றுதான் சொல்வேன். அத்தையோ இன்னும் ஒரு படி மேல். ஒருமுறை அரசாங்க அலுவலகத்தில் மாமனார் பெயர் என்ன என்று கேட்டதற்கு, வரிசையில் பின்னால் நின்ற உறவுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சொல்லுங்க," என்றாராம். அந்த மாமனார், இந்த வீட்டைக் கட்டிய ரயில்வேக்காரர், முன்கோபி, செத்து வெகுகாலமாகிறது. அவர் படம் மாட்டியிருக்கும் சுவரைக் கடக்கும்போது அத்தை இன்றும் தலைத்துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வார்.

நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க வேண்டாம் என்றும் இருந்தது. ஒருவேளை அந்தக் கொழுப்பில் தலாந்த் தேறிவிட்டால்? அதனால் நான் நாயின் பக்கம் போகாமல் இருந்தேன். கிண்ணத்தைத் தூரத்திலிருந்து தள்ளிவிடுவேன். அது என்னைப் பார்க்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை அத்தை விடிந்ததும் பெரிய பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தார். "மாவு நிறைய பிசை," என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. எதையும் முன்கூட்டிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவர் எண்ணம்.

வெளியே கார் நின்ற சத்தம். ஷைலூ அண்ணன் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு உள்ளே வந்தார். கக்கத்தில் துணி சுற்றிய கத்தி.

"எங்க வெச்சுக்கலாம், அக்கா?"

"கொட்டகைகிட்ட," என்றார் அத்தை அடுப்படியிலிருந்து.

அண்ணன் போய்க் குத்தவைத்து, நாய்க்குப் பக்கத்திலேயே கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். நாய் வாலை ஆட்டியது. தலாந்த் படியில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்தத் தலையணைப் பள்ளம் எனக்கு நினைவுக்கு வந்தது. இந்த நாயை அறுத்தால் இவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், பாலில் எதைக் கரைத்தாலும் எழுந்திருக்கமாட்டார் என்று தோன்றியது. மாவுக் கையோடு போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

"ஓடு," என்றேன்.

ஷைலூ அண்ணன் நிமிர்ந்தார். "என்ன பண்றே பொண்ணே?"

"இதை வெட்ட விடமாட்டேன்."

"நாயையா? யாரு நாயை வெட்டறது? ஆடு கார்ல இருக்கு!"

அதற்குள் நாய் கதவைத் தாண்டிவிட்டது. நான் வெளியே ஓடிப் பார்த்தபோது, காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு செம்மறி தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தியது. தலாந்த் என்னை இடித்துக்கொண்டு நாயின் பின்னால் ஓடினார். மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே மெல்லிய சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. நெஞ்சு தேறி எழுந்த ஆள்.

நாய் நேராக ரயில் பாதைக்குத்தான் போனது. அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வால்யாவின் வீடு. தண்டவாளத்தின் நடுவில் நின்று மோப்பம் பிடித்தது. சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு எஞ்சின் ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. "டேய்! வாடா! டேய்!" என்று தலாந்த் கத்தினார். நாய் திரும்பவில்லை. அவர் தண்டவாளத்தை நோக்கி இறங்கினார்.

அத்தை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வாய் திறந்தது, மூடியது. தலைத்துணியின் முனையை வாயில் அழுத்தினார். பிறகு அதை இழுத்து எறிந்தார்.

"புலாத்!" என்று கூவினார். "புலாத்! இங்க வா!"

நாய் விறைத்து நின்றது. திரும்பிப் பார்த்தது. பாதையை விட்டு இறங்கி, தலாந்தைத் தாண்டி, நேராக அத்தையிடம் ஓடிவந்து பாவாடையில் மோதியது. பெட்டிகள் தடதடவென்று கடந்து போயின. தலாந்த் ஜல்லிமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் கூட்டம் கூடியிருந்தது. ஷைலூ அண்ணன்தான் முதலில் பேசினார். "அக்கா, அது உங்க மாமனார் பேராச்சே!"

அத்தை தரையில் கிடந்த தலைத்துணியை எடுத்து முகம் முழுக்கப் போர்த்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தலாந்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகில் உட்காரவைத்து, பால் தேநீர் கொடுத்தோம். அத்தை மாமனாரின் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"வால்யா கயித்தைக் கையில குடுத்துட்டு, பேரை மட்டும் மாத்திடாதேன்னு கேட்டுக்கிட்டா. அது அவ புருஷன் வெச்ச பேராம். நானும் தலையாட்டிட்டேன். அப்புறம்தான் பேரைச் சொன்னா. நான் என்ன பண்ண? அந்தப் பேரை இந்த முற்றத்துல எப்படிச் சொல்றது? அவர் கட்டின வீட்டுல, அவர் பேரனை விட்டு நாயை அந்தப் பேரால கூப்பிடச் சொல்லவா?"

"அப்ப ஆடு?"

"நீ தேறினதுக்குப் படையல்டா. நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடணும்னு இருந்தேன். ஜாடி அந்த ஆட்டுக் கொழுப்புக்கு. நீங்க ரெண்டு பேரும் என்னத்த நினைச்சீங்க?"

அத்தை என்னையே பார்த்தார். எனக்குப் பார்க்கத் தெரிந்த மாதிரி அவருக்கும் தெரியும்.

"நினைச்சேன்," என்றார் திடீரென்று. "நினைக்காம இருப்பேனா? என் புள்ளை சுவரைப் பாத்துப் படுத்திருக்கான். முத நாளு விலாவைத் தொட்டுப் பாத்தது அதுக்குத்தான். வால்யாகிட்ட குடுத்த வாக்குகூட எனக்குப் பெரிசாத் தெரியல. ஆனா அந்தப் பேரு இருக்கே. வாயால சொல்லவே துணியாத பேரு மேல கத்தியை எப்படிடி வைக்கறது?"

தலாந்த் சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தாத்தா காப்பாத்திட்டார்," என்றார்.

"வாயைக் கழுவு!" என்று அத்தை கரண்டியை ஓங்கினார். ஆனால் ஓங்கிய கை இறங்கவில்லை.

ஆடு அன்று அறுக்கப்பட்டது. எலும்பு நாய்க்குப் போனது, கொழுப்பு ஜாடிக்கு மிஞ்சாமல் விருந்திலேயே தீர்ந்தது. இருமல் இரண்டொரு நாளில் அடங்கியது. டாக்டர் திட்டினார், மாத்திரையை மாற்றவில்லை.

சல்லடையைத் திருப்பிக் கொடுக்கத் துர்சுன்கான் அக்கா வந்தபோது, நாய் கயிறில்லாமல் படியில் படுத்திருந்தது. அவர் அதன் முதுகை அளந்து பார்த்தார். பிறகு வேலியில் கவிழ்ந்திருந்த ஜாடியைப் பார்த்தார். "இன்னும் விட்டு வெச்சிருக்கீங்களா?" என்றார். "சரி, இப்ப பேரு என்ன வெச்சீங்க?"

கூட்டத்தில் நின்று காதாரக் கேட்டவர்தான். எங்கள் வாயால் வரவழைக்கப் பார்த்தார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு இருவருமே மருமகள்கள்.

"அவனைக் கேளு," என்றார் அத்தை, தலாந்தைக் காட்டி. நான் எழுந்துபோய் ஜாடியை உள்ளே எடுத்து வைத்தேன்.