கண்ணாடிப் பெட்டிக்குள் விசாலாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை என் மாமியாரின் பெயரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன.

பதறாதீர்கள். கனடாவில் எங்கள் ஊர் டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் பழைய விண்வெளி டி.வி. தொடர்களுக்குக் கண்காட்சி நடக்கிறது. எழுபதுகளில் இந்த ஊரிலேயே எடுத்த ஒரு தொடருக்கு அங்கே தனி அறை. முகத்தில் பச்சைச் சாயம் பூசிய ரசிகர்கள் பயபக்தியோடு கியூவில் நிற்கிறார்கள். நானும் நின்றேன். ஏன் என்கிறீர்களா? அந்தத் தொடரில் என் வீட்டுச் சாமான் ஒன்று நடித்திருக்கிறது!

அப்போது இதே ஊரின் லாசால் பகுதியில் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழ் வீட்டு ரேமோன் அந்தத் தொடரை எடுத்த ஸ்டூடியோவில் சாமான்கள் செய்து தருகிறவர். விண்கலத்தின் சுவர் என்று ஊரே வாய் பிளந்து பார்த்ததே... அது முட்டை வைக்கும் அட்டை. கன்ட்ரோல் பேனலில் மின்னியவை கிறிஸ்துமஸ் மர விளக்குகள். தானாகத் திறக்கும் கதவை இரண்டு பேர் மறைவில் நின்று கயிறு கட்டி இழுப்பார்கள். எல்லாம் ரேமோன் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். வாசனை பிடித்து மேலே வந்தவர், முறுக்கைப் பார்க்கவில்லை. அச்சையே பார்த்தார். பித்தளை அச்சு, இரண்டு பக்கமும் கைப்பிடி. “மதாம், இதை எனக்குக் கொஞ்ச நாள் தர முடியுமா?” என்றார். கொடுத்தேன். வெள்ளிச் சாயம் அடித்ததும் அது வேற்றுக்கிரகத் தளபதியின் ஒளித் துப்பாக்கியாகிவிட்டது. திரும்பி வரவே இல்லை. ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள்.

நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா? கல்யாணப் பந்தியில் மாறிப் போகாமல் இருக்க, கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவாரே? இந்த அச்சிலும் ‘கு. விசாலாட்சி’ என்று இருந்தது. மாமியாரின் அச்சு. சாயத்தையும் மீறி எழுத்து தெரிந்தது. தொடரின் கதாசிரியர் அதைப் பார்த்தார். விடுவாரா? ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப் பக்கம் எழுதிச் சேர்த்துவிட்டார். மறுநாள் படப்பிடிப்பில் விஞ்ஞானியாக நடித்தவர் அந்த எழுத்தைத் தடவி நடுங்கும் குரலில் வாசித்தார் — “இதைத் தொடுகிறவன் நாளைய சூரியனைப் பார்க்க மாட்டான்!”

எனக்கும் மாமியாருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. ஆனாலும் சொந்த ஊரில் இருந்த அவருக்கு இதைக் கடிதத்தில் எழுதினேன். மனுஷிக்குத் தலைகால் புரியவில்லை! கனடா டி.வி.யில் தன் பெயர் வந்ததாகத் தெருவெல்லாம் சொன்னாராம். ஒருவர்கூட நம்பவில்லையாம். பொய்க்காரி என்று சிரித்தார்களாம். கடைசிவரை அந்த வருத்தம் அவருக்கு இருந்தது.

இப்போது அதே அச்சு, விளக்கு வெளிச்சத்தில். பெட்டிக்கு வெளியே, முன்னால் ஓர் அட்டை. பிரெஞ்சில் பெரிதாக, ஆங்கிலத்தில் சிறிதாக — பிரெஞ்சுதான் பெரிதாக இருக்க வேண்டும் என்கிற இந்த ஊர்ச் சட்டம் நமக்குத் தெரிந்ததுதானே. ‘ஒளித் துப்பாக்கி. கலை இயக்குநரின் சொந்தப் படைப்பு. மேலே உள்ளது பொருளற்ற கற்பனை எழுத்து.’

பொருளற்ற எழுத்தா? எனக்கு ரத்தம் கொதித்தது.

அமைப்பாளரைத் தேடிப் பிடித்தேன். கழுத்தில் டை கட்டிய மெலிந்த மனிதர். விஷயத்தைச் சொன்னேன். புன்னகைத்தார். “மதாம், ரசிகர்கள் இத்தனை வருஷமாக இந்த எழுத்தை ஆராய்கிறார்கள். சாபம் என்று திரைக்கதையிலேயே இருக்கிறது. அந்த மர்மம்தான் அழகு” என்றார்.

“அச்சைப் பார்த்துத் திரைக்கதை எழுதினார்கள். திரைக்கதையைப் பார்த்து அச்சில் வெட்டவில்லை. இது ஒரு பெண்ணின் பெயர். அட்டையை மாற்றுங்கள்” என்றேன்.

முடியாது என்றார். மாற்றாமல் நகர மாட்டேன் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் கியூ முணுமுணுத்தது. அவர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

வந்த பையன் சட்டையில் ‘நேசன்’ என்று இருந்தது. முகத்தைப் பார்த்ததுமே நம்ம ஆள் என்று புரிந்துவிட்டது. அவனுக்கும்தான்.

“அக்கா, உங்களை வெளியில கூட்டிக்கொண்டு போகச் சொல்லுகினம். என்ன பிரச்சினை?”

“தம்பி, முதல்ல இந்தப் பெட்டிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு நீயே படி.”

குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். “கு... விசாலாட்சி. அட, இதில தமிழ் எல்லோ கிடக்கு! ஆர் அக்கா இது?”

“என் மாமியார்.”

நிமிர்ந்தவன் அமைப்பாளரிடம் மடமடவென்று பிரெஞ்சில் பொரிந்தான். இது தமிழ், இது ஒரு அம்மாவின் பெயர், எனக்கும் வாசிக்க வருகிறது என்றான். அவர் முகம் கறுத்தது. உன்னை வாசிக்கவா வேலைக்கு வைத்தோம் என்று கேட்டார்.

எனக்குப் பயமாகிவிட்டது. “தம்பி, வேலை போயிடப் போகுது. நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்.”

“போனால் போகட்டும் அக்கா. கண்ணுக்கு முன்னால கிடக்கிறதை இல்லையெண்டு சொல்லேலுமே?”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு யானை பலம் வந்துவிட்டது. அமைப்பாளரிடம் திரும்பினேன். “ஐயா, கடைப் பலகையில் உங்கள் மொழி ஒரு அங்குலம் சிறுத்தால் இந்த ஊரே கொதிக்கிறது. அது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். உங்கள் அம்மாவின் பெயரை ஒருவன் பொருளற்ற எழுத்து என்று போட்டால் சும்மா இருப்பீர்களா?”

கியூவில் ஒரு பச்சை முகம், “மதாம் சொல்வது சரிதானே?” என்றது. இன்னும் இரண்டு பச்சை முகங்கள் தலையாட்டின. அமைப்பாளர் கியூவைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி... ‘தமிழைப் போன்ற எழுத்து’ என்று போடட்டுமா?”

போன்ற! இந்தப் ‘போன்ற’தான் இவர்கள் நமக்குப் போடுகிற பிச்சை. முழுதாக ஒப்புக்கொள்ள மனம் வராது. அதை வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ‘பொருளற்ற’ வரியை அடித்தேன். ‘கலை இயக்குநர்’ வரியையும் அடித்தேன். கீழே தமிழில் எழுதினேன் — ‘முறுக்கு அச்சு. உரிமையாளர்: கு. விசாலாட்சி.’ அமைப்பாளர் பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை.

“பெரிசா எழுதுங்கோ அக்கா” என்றான் நேசன்.

எழுதினேன். பிரெஞ்சை விடப் பெரிதாக.

நேசனுக்கு வேலை போகவில்லை. நேற்று போன் செய்து கேட்டுவிட்டேன். கண்காட்சி இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நடுவில் யாராவது அட்டையை மாற்றினால் மாற்றட்டும்...

எழுதிப் பிழைக்கிறவளுக்குப் பேனாவுக்கா பஞ்சம்?