மக்டலீனின் முகப்பவுடர்

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு நாடக அரங்கில் நடிகர்களின் உடுப்புத் தோய்ப்பவள் மன்னார்க்காரி மக்டலீன். 1994இல் அங்கே அமெரிக்கக் கறுப்பர் குடும்பமொன்றின் மானத்தைப் பற்றிய நாடகம் போட்டார்கள். பேச்சில்லாத மாமி வேடத்துக்கு நெறியாளர் அவளையே பிடித்தார். அவளுக்கோ மேடையேற நெடுநாள் ஆசை. மன்னாரில் கூத்துக்குப் பூசுவதுபோல் முகம் வெளுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயோ, கழுவுங்கோ! எங்களுக்கு உங்கட நிறந்தான் வேணும்," என்றார் நெறியாளர்.

கழுவப் போனவள், முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்த ஜெர்மன்காரக் கதாநாயகனைக் கண்டு நின்றாள்.

"அப்ப இவர்?"

"அவர் நடிகர், மக்டலீன்."

"நான் பூசினால் பிழை, அவர் பூசினால் நடிப்போ? அவரும் கழுவட்டும், நானும் கழுவுறன்."

நெறியாளர் கையை விரித்தார். அவள் மாமியின் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நாளைக்கு அந்த மை ஒட்டின சட்டைக் கொலரைத் தோய்க்கிறதும் நான்தானே," என்று முணுமுணுத்தபடி, பவுடர் முகத்தோடேயே சலவை அறைக்குப் போனாள்.