மிதக்கும் என்று சொன்ன சார்

ஒன்பது வயதில் ஒரே காலைப்பொழுதில் என் சித்தியைக் காப்பாற்றி, அதே காலையில் கவிழ்த்தும் விட்டதாக நான் நம்பியிருந்தேன்.

சித்தி அம்மாவின் தங்கை. பினாங்கில், ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் ஃபிளாட்டிலேயே தங்கியிருந்தாள். பயிற்சி முடித்த கையோடு அவளுக்குக் கிடைத்த முதல் வகுப்பு, யார் செய்த பாவமோ, நான் படித்த மூன்றாம் ஆண்டு. பள்ளியில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வாய் தவறி சித்தி என்று வந்துவிட்டால் வகுப்பே உருண்டு சிரிக்கும். அது இல்லாமலேயே நாங்கள் முப்பத்திரண்டு பேர் போடும் சத்தம் கேண்டீன் வரை கேட்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்குத் துணையாக அனுபவமுள்ள ஒருவரைப் போடுவார்கள். சித்திக்கு வாய்த்தவர் ஐந்தாம் ஆண்டு சார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய மீசை. மறுநாள் அவர் எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறார் என்று தெரிந்த அன்று சித்தி சாப்பிடவில்லை.

“கிளாஸ் எனக்கு அடங்க மாட்டேங்குதுக்கா. நாளைக்கு சார் முன்னாடியும் சொதப்பிட்டேன்னா அவ்ளோதான் லா. லெட்டர் எழுதியே வெச்சிட்டேன். அக்கரையில பிறைக்குப் போயி ஃபேக்டரியில வேல பாத்துக்கிறேன்.”

கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அம்மா அதைத் தொடவில்லை. “மொதல்ல நாளைக்குப் போயிட்டு வா,” என்றாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. காலையில் மணி அடிப்பதற்குள் வகுப்பைக் கூட்டிக் கட்டளை போட்டேன்: இன்று எவரும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் டீச்சர் வேலையை விட்டுப் போய்விடுவார். எங்கள் வகுப்பு ஒலிபெருக்கி என்று பெயரெடுத்த பையனை மட்டும் நம்ப முடியவில்லை. என் முறுக்குப் பொட்டலத்தை அப்படியே அவனிடம் கொடுத்தேன்.

“மூச்சாவது விடலாமா?” என்று கேட்டான்.

“மெதுவா விடு.”

அறிவியல் பாடம். சார் கடைசி வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். சித்தி மேசைமேல் ஒரு வாளி தண்ணீரையும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களையும் வைத்தாள். ஒன்று தோலோடு, இன்னொன்று உரித்தது. ஒரு வாரமாக வீட்டில் இதைத்தான் ஒத்திகை பார்த்தாள். நனைந்த ஆரஞ்சுகளை எல்லாம் தின்று தீர்த்தவள் நான்.

“ரெண்டையும் தண்ணியில போட்டா எது மிதக்கும்?”

ஒரு சத்தமில்லை. சித்தி மறுபடியும் கேட்டாள். ஒலிபெருக்கியைப் பெயர் சொல்லி எழுப்பினாள். அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு தலையை ஆட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சித்தியின் குரல் ஏன் இப்படித் தேய்கிறது என்றுதான் விளங்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு தடித்த கை உயர்ந்தது.

“டீச்சர், நான் சொல்றேன். உரிச்ச பழந்தான் மிதக்கும். தோலு போயிடுச்சுல்ல, வெயிட்டு கம்மி.”

எத்தனை நேரம்தான் பொறுப்பது! “தப்பு சார்! அது முங்கிடும்!” என்று கத்திவிட்டேன்.

“சும்மா சொல்லாத. மிதக்கும்.”

அவ்வளவுதான். பாதி வகுப்பு சார் பக்கம், பாதி என் பக்கம். மிதக்கும், முங்கும் என்று ஆளுக்கு ஆள் அலறினோம். சித்தி உரித்த பழத்தைப் போட்டாள். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. தோலோடு போட்டது ஜாலியாக மிதந்தது. நாங்கள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தோம். “ஏன் அப்படி?” என்று சித்தி எங்களைவிடச் சத்தமாகக் கேட்டாள். “தோலுக்குள்ள காத்து இருக்கு டீச்சர்!” என்றான் ஒலிபெருக்கி. தரையெல்லாம் தண்ணீர். மணி அடித்தது எவர் காதிலும் விழவில்லை. கேண்டீன் அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கரண்டியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. கேண்டீன் வரை கேட்டுவிட்டது. கட்டளை போட்டவளே முதலில் கத்தியிருக்கிறேன். சார் சித்தியிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். பின்னாலேயே வந்த சித்தி, மிச்சமிருந்த ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். கைப்பையிலிருந்து அந்த மடித்த காகிதத்தை எடுத்து, தோலை அதில் பொதிந்து, “குப்பையில போட்டுட்டு வா,” என்றாள்.

“நெசமாவா?” என்றாள் அம்மா. சித்தி சிரித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்பை கொட்டுவதற்கெல்லாமா அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டே நான் ஓடினேன்.

அழுகை நின்றதும் சாரை நினைத்துக் கவலை வந்துவிட்டது. மறுநாள் இடைவேளையில் ஓர் ஆரஞ்சை எடுத்துப்போய் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “இப்பதாம்மா வெளங்குச்சு,” என்றார்.

அன்று மாலை சித்தியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: “பாவம் சித்தி அவரு, ஒண்ணுமே தெரியல. நீங்கதான் அவருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்.”