துண்டுக்கு வெளியே சொன்ன விலை

சுதந்திரம் வந்த மறு வருஷமோ அதற்கு அடுத்ததோ, என் கணவர் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். சங்கரன்கோவிலில் எங்களுக்கு ஒரு வத்தல் கடை இருந்தது. வெள்ளாமை செய்யும் சம்சாரிகளிடம் மிளகாய் வத்தலை மூடை மூடையாக வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம்.

"தம்பியைக் கடையில உக்கார வச்சிருவோம்" என்றார், படுத்தபடியே.

அவர் தம்பிக்கு எது காய்ந்த வத்தல், எது தண்ணீர் தெளித்துக் கனமாக்கியது என்று தெரியாது. நான் கையில் எடுத்து உலுக்கினாலே விதையின் சத்தத்தில் சொல்லிவிடுவேன். மறுநாள் நானே சந்தைக்குப் போனேன்.

அங்கே யாரும் வாய் திறந்து விலை பேச மாட்டார்கள். வியாபாரியும் தரகரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடிக்கிற கணக்குதான் விலை. வத்தலைக் கொண்டுவந்த சம்சாரிக்கே அது முழுசாகத் தெரியாது.

அன்றைக்கு இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரி ஒருவர் கொண்டுவந்தது முதல் தரமான சரக்கு. ஒவ்வொரு வியாபாரியாகத் துண்டுக்குள் கைவிட்டு நகர்ந்தார்கள். என் முறை வந்ததும் நானும் கையை நீட்டினேன். தரகர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன தாயி இது? ஊரு பாக்க பொம்பள கையைப் பிடிக்கச் சொல்லுதியா? வீட்டுல ஆம்பளை இருந்தா அனுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். இப்போது திரும்பினால் இனி எப்போதும் வர முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"கையைப் பிடிக்க வேண்டாம் அண்ணாச்சி, காதைக் கொடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, என் விலையைச் சந்தை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. சம்சாரி தரகரைப் பார்த்தார். "என்னவே, நீரு எங்கிட்ட சொன்னதுக்கு மேலல்லா இருக்கு?"

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். மூடைகள் என் கடைக்கு வந்தன.

அன்று சாயங்காலமே வியாபாரிகள் கூடிப் பேசிவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து எனக்கு மூடை தூக்கவோ எடை போடவோ ஒரு ஆளும் வரவில்லை. கடையில் காம்பு கிள்ளும் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டேன்.

"தூக்குதோம்க்கா. ஆனா ஆம்பளைக்குக் கொடுக்குற கூலிதான எங்களுக்கும்?" என்றாள் ஒருத்தி.

"அதே கூலிதான்."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நெடியில் தும்மித் தும்மிக் கண் சிவந்தது. தோளெல்லாம் காந்தியது. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விலையைக் காதால் கேட்க முடிகிற கடை என்ற பேச்சு எப்படியோ பரவியது. சிவகிரி வண்டிகள் வந்தன, பிறகு ராயகிரி வண்டிகள். கூட்டம் கூடிப் பேசியவர்களில் இரண்டு பேர் அடுத்த வருஷம் என்னிடமே சரக்கு வாங்கினார்கள்.

அதற்குள் என் கணவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் கடைக்கு வந்த முதல் நாள், பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து, "இனி நீங்க உக்காருங்க அண்ணாச்சி, மதினி வீட்டைப் பாக்கட்டும்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"அவுகளுக்கும் இடம் இருக்கு, உக்காரட்டும். விலை நாந்தான் சொல்லுவேன்" என்றேன்.