தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றெட்டா?

மாய்லிஸ் சோதர்லிங்கை எங்கள் தீவுகளில் தெரியாதவர் கிடையாது. எல்லார் தலையும் அவள் கையில்தான் இருந்தது. கத்தரிக்கோலையும் சீப்புகளையும் தகரப்பெட்டியில் போட்டுக்கொண்டு, பதினோரு தீவுகளுக்குப் படகில் போய் முடி வெட்டுவாள். மரப்படகு. அதன் நடுவே ஒரு பலகைப் பெட்டிக்குள் பெட்ரோல் எஞ்சின், 1971-இல் செய்தது. அவளைவிட ஒரு வயது மூத்தது.

துறையில் மளிகைக்கடையும் பெட்ரோல் பம்பும் நடத்துபவன் நான். அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த வசந்தத்தில் படகைத் தண்ணீரில் இறக்கியதிலிருந்தே எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தீவில் கல்யாணம். மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்யக் கிளம்பியவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். எஞ்சின் இரண்டு முறை விக்கியது, அப்புறம் மூச்சே இல்லை. அந்த வழியாக வந்தவன் ரூரிக், மீன் பண்ணைக்காரன்.

"என்ன மாய்லிஸ், நடுக்கடல்ல கடை போட்டுட்டியா?"

"கிண்டல் அப்புறம். கயித்தைப் பிடி. அங்க ஒருத்தி ஈரத்தலையோட உக்காந்திருக்கா."

கட்டி இழுத்துப் போய்ச் சேர்த்தான். கல்யாணம் அரைமணி நேரம் தாமதம். பாதிரியார் கூடுதலாக இரண்டு காபி குடித்ததைத் தவிர வேறு நஷ்டமில்லை.

சாயங்காலம் அதே கயிற்றில் இழுபட்டு, படகு என் துறைக்கு வந்தது. ரூரிக் எஞ்சின் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இந்தக் கிழத்தைத் தூக்கிப் போடு. பின்னால மாட்டுற மோட்டார் ஒண்ணு வாங்கிக்கோ."

"அதுல என் துண்டை எங்க சூடு பண்றது?" என்றாள் மாய்லிஸ். எஞ்சின் பெட்டியின் மேல்தான் அவள் துண்டுகளை அடுக்கி வைப்பாள். போய் இறங்கும்போது அவை வெதுவெதுவென்று இருக்கும். வயதானவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

"சரி, என்ன பெட்ரோல் ஊத்துற?"

"தொண்ணூத்தஞ்சு. யார்ல்தான் சொன்னான்."

யார்ல் என்பது நான். எஞ்சினோடு வந்த பழைய கையேட்டை எடுத்துப் பார்த்தோம். பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் ஆக்டேன் எண் குறைந்தது தொண்ணூற்றொன்று வேண்டும் என்று போட்டிருந்தது. "பாத்தியா, நாலு கூடவே இருக்கு. பெட்ரோல்ல தப்பில்ல" என்றேன் நான். ரூரிக்கும் தலையாட்டினான். ஆண்கள் இருவரும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: எஞ்சின் செத்துவிட்டது.

மறுநாள் காலையில் மாய்லிஸ் தொட்டியின் அடியிலிருந்து பெட்ரோலை ஒரு ஜாம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கல்லாவுக்கு எதிரே வைத்தாள்.

"கொஞ்ச நேரம் இதையே பாரு."

பார்த்தேன். மெல்ல மெல்ல, பாட்டிலின் அடியில் கலங்கலாக ஒரு தனி அடுக்கு தங்கியது. அதில் கரிப்பொடி போலக் கருப்புத் துணுக்குகள். பிறகு பையிலிருந்து எஞ்சினுக்கு பெட்ரோல் போகும் ரப்பர் குழாயின் ஒரு துண்டை எடுத்து என் விரலில் தேய்த்தாள். பிசுபிசுவென்று மைபோலக் கருப்பு ஒட்டியது.

"என்கிட்ட ஒரு ஸ்ப்ரே இருக்கு, ஆல்கஹால் கலந்தது. அது பட்டா சீப்போட ரப்பர் மூணே மாசத்துல இப்படித்தான் ஆகும். யார்ல், உன் பெட்ரோல்ல என்ன கலக்குறாங்க?"

வெளியே போய் பம்பைப் பார்த்தோம். தொண்ணூற்றைந்தில் எத்தனால், அதாவது அதே ஆல்கஹால், பத்து சதவீதம் வரை. தொண்ணூற்றெட்டில் ஐந்து வரை. அந்தச் சீட்டை ஒட்டியதே நான்தான். 'தொண்ணூற்றெட்டு பந்தயக் கார் ஓட்டுறவனுக்கு, உனக்கு எதுக்கு?' என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

"நம்பரைப் பாத்தோம், கலவையைப் பாக்கல" என்றேன். முகம் சுட்டது.

"குளிர்காலம் பூரா பாதித் தொட்டியோட கரையில கிடந்துது. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்திருக்கு, பாட்டில் அடியில நிக்குறது அந்தத் தண்ணிதான். தப்பு என்னோடதும்தான்," என்றாள். "மூஞ்சியைத் தொங்கப் போடாத. குழாய்க்குச் சொல்லி அனுப்பு, எத்தனால் தாங்குற வகையா."

ஐந்து நாளில் குழாய் வந்தது. அதற்குள் தொட்டியைக் காலி செய்து துடைத்திருந்தாள். கார்புரேட்டரைக் கழற்றி, தலைமுடிக்குச் சாயம் பூசும் பிரஷ்ஷாலேயே சுத்தம் செய்திருந்தாள். நான் தொண்ணூற்றெட்டை ஊற்றினேன். ரூரிக் கைகட்டிக்கொண்டு நின்றான்.

"கிளம்பாது பாரு."

முதல் முறை கிளம்பவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மாய்லிஸின் கழுத்து சிவந்தது. மூன்றாவது முறை ஒரு தும்மல், நீலப்புகை, பிறகு தடதடவென்ற அந்தச் சீரான சத்தம். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூரிக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"சரி, கிழத்துக்கு உசிரு இருக்கு. என் அப்பன் படகுக்கும் இதையே ஊத்தலாமா?"

"முதல்ல குழாயைத் தேய்ச்சுப் பாரு," என்றாள் மாய்லிஸ்.

அந்தக் கோடை முழுவதும் எஞ்சின் ஒரு முறைகூட நிற்கவில்லை. செப்டம்பரில், பழைய எஞ்சினை நம்பப் பயந்து மூன்று வருடமாகப் போகாமல் விட்டிருந்த கடைசித் தீவுக்குக் கிளம்பினாள். திறந்த கடலில் இரண்டு மணி நேரப் பயணம். அங்கே இரண்டு சகோதரர்கள் மட்டும் இருக்கிறார்கள். தூரத்தில் படகின் சத்தம் கேட்டதும் துறைக்கு வந்து நின்றார்களாம், தோள்வரை தொங்கும் முடியோடு, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு.