தனி ஆளுக்கு அறை

தனியாக அறை கேட்டு வரும் பெண்ணைக் கண்டாலே நொபுயோவுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஜப்பானின் மேற்குக் கடலோரத்து வெந்நீர் ஊற்று விடுதி அது. சின்ன விடுதிதான். அங்கே தலை நரைக்க நரைக்கச் சாப்பாட்டுத் தட்டு சுமந்தவள் அவள். தட்டில் மீந்ததைப் பார்த்தே எந்த ஜோடிக்குள் சண்டை, எந்தக் கிழவருக்குப் பல் வலி என்று சொல்லிவிடுவாள். ஒருத்தி விஷயத்தில்தான் ஏமாந்துபோனாள். தட்டை வழித்துச் சாப்பிட்டு, "ரொம்ப ருசிங்க" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனவளை மறுநாள் கடலோரப் பாறைக்குக் கீழேயிருந்து பிணமாக எடுத்தார்கள். அன்றிலிருந்து நொபுயோ யாரையும் நம்புவதில்லை.

அப்படியிருக்க, பனிக்காலத் தொடக்கத்தில், ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, மார்யத்தா என்ற பின்லாந்துக்காரி தன்னந்தனியாக வந்து இறங்கினாள். ஜப்பானியப் பண்பாட்டை அனுபவிக்க வந்தாளாம்! பேச்சோ, புத்தகத்தை முழுங்கியவள் பேச்சு. வந்ததும் வராததுமாக ஓர் இனிப்புப் பெட்டியை நீட்டி, "தங்களுக்குப் பெரும் சிரமம் அளிக்கிறேன், பொறுத்தருள்க" என்றாள்.

"பாத்தீங்களாண்ணே? வந்தவுடனேயே மன்னிப்பு கேட்டா" என்று மறுநாள் காலை சமையல்காரர் தகேஜியிடம் கிசுகிசுத்தாள் நொபுயோ.

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு. உனக்குத்தான் புத்தி போற போக்கு சரியில்ல."

"மரியாதையா? மெத்தைய அவளே மடிச்சு வச்சிருக்கா, ஆள் தங்கின சுவடே இல்ல. பண்பாடு பாக்க வர்றவங்க கும்பலா கியோத்தோ கோயில்களுக்குப் போய்ப் படம் புடிப்பாங்க. இவ இந்த மழையில, கடல் எங்கிருந்து நல்லாத் தெரியும்னு கேக்குறா!"

"போ புள்ள. நண்டை உரிச்சுக் குடு, அதுதான் பண்பாடு."

அன்று மதியம் அறை காலியாக இருந்தது. நொபுயோ குடைகூட எடுக்காமல் பாறைப் பக்கம் ஓடினாள். பாறை விளிம்பில், அலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பலகை மேடை. அது தொடங்கும் இடத்தில் ஒரு ஜோடிக் காலணி, ஒழுங்காகச் சேர்த்துக் கழற்றி வைத்திருந்தது. சாகப் போகிறவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள். மேடை நுனியில் நின்றவளைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டி இழுத்தாள். இருவரும் ஈரப்பலகையில் உருண்டார்கள்.

"அடிப் பாவி! என் கையால சாப்பிட்டுட்டு, இதுக்காடி வந்தே?"

மார்யத்தா மிரண்டு விழித்தாள். "மன்னிக்கவும். இங்கே மரத்தரையில் காலணியோடு ஏறலாகாது என்று எண்ணினேன்."

நொபுயோ பிடியை விடவில்லை. இதுவும் ஒரு சாக்காக இருக்கலாம். "நீ இங்க வந்திருக்கிறது ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"எவருக்கும் தெரியாது. அம்மா இறந்த பிறகு, சொல்லிக்கொள்ள எவரும் இல்லை."

நொபுயோவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நீ வழுக்கி விழுந்திருந்தா, நான் யாருக்குடி சொல்லி அனுப்புவேன்?"

"தெரியலக்கா" என்றாள் மார்யத்தா.

நொபுயோ இன்னும் முழுக்க நம்பவில்லை. விடுதி வாசல் வரைக்கும் அவள் மணிக்கட்டை விடாமலே நடத்திக் கூட்டி வந்தாள்.